டிராக்டரின் முதுகுப்பக்கம்

டிராக்டர் வாங்கப் போனால் முதல் கேள்வி "எத்தனை எச்.பி.?" என்பதுதான். என்னைக் கேட்டால், முதலில் பின்பக்கம் போய்ப் பார்க்கச் சொல்வேன். கலப்பையை மாட்டுவதற்குக் கீழே இரண்டு இழுகைகள், மேலே ஒரு டாப் லிங்க். டிராக்டர் வரலாற்றில் பாதி இந்த மூன்று கம்பிகளில் இருக்கிறது.

தொடக்கத்தில் கலப்பையைக் கொக்கியில் மாட்டி இழுத்தார்கள். 1917இல் வந்த ஃபோர்ட்சன் விலை மலிவு, லட்சக்கணக்கில் விற்றது. ஆனால் கலப்பை வேரிலோ பாறையிலோ சிக்கினால் ஆபத்து. பின்சக்கரம் நகராது, இன்ஜினோ விடாமல் முறுக்கும். சக்கரம் சுழல முடியாததால் அச்சைச் சுற்றி வண்டியே சுழலும். மூக்கு மேலெழும்பி, ஓட்டுபவர் மேலேயே மல்லாக்கக் கவிழும். பல உயிர்கள் அப்படிப் போயின.

அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசன் கலப்பையை மூன்று இடத்தில் பிணைத்தார். மண் கலப்பையின் நுனியைப் பின்னுக்கு இழுக்கும்போது அதன் தலை முன்னால் சாயப் பார்க்கும். அந்தச் சாய்வை டாப் லிங்க் வாங்கி டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். ஆக, கலப்பை சிக்கும்போது மூக்கு தூக்காமல் கீழே அழுந்துகிறது. கலப்பையின் பாரமும் பின்சக்கரங்களில் இறங்குவதால் பிடிமானம் கூடும். எடை குறைந்த வண்டியே ஆழ உழும்.

இதைவிட அழகான வேலை ஒன்றும் உண்டு. டாப் லிங்க்கின் முனையில் ஒரு கெட்டியான ஸ்பிரிங். இறுகிய மண் வந்தால் தள்ளல் கூடி ஸ்பிரிங் அமுங்கும், அது வால்வைத் திறக்கும், ஹைட்ராலிக் எண்ணெய் இழுகைகளைக் கொஞ்சம் தூக்கும். மண் இளகினால் கலப்பை மறுபடி இறங்கும். மேழி பிடித்த உழவர் கையழுத்தத்தில் செய்துவந்ததைத்தான் இந்த ஸ்பிரிங் செய்கிறது.

1938இல் இந்த அமைப்போடு டிராக்டர் செய்ய, ஃபெர்குசனும் ஃபோர்ட்சனைச் செய்த ஹென்றி ஃபோர்டும் கைகுலுக்கியே ஒப்பந்தம் போட்டார்கள், எழுத்தில் எதுவும் கிடையாது. ஃபோர்டின் பேரன் காலத்தில் அது முறிந்து வழக்காகி, 1952இல் ஃபெர்குசனுக்கு 92.5 லட்சம் டாலர் கிடைத்தது. கோடீஸ்வரர்களும் வாய்ப்பேச்சை நம்பியிருக்கிறார்கள்! அடுத்த ஆண்டே ஃபெர்குசனின் தொழில் கனடாவின் மேசி ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது.

அங்கிருந்து சென்னை தூரமில்லை. 1840இல் மெட்ராஸில் குதிரைவண்டி கட்டத் தொடங்கிய சிம்சன், பின்னாளில் பெரம்பூரை அடுத்த செம்பியத்தில் டீசல் இன்ஜின் செய்யும் நிறுவனமாக வளர்ந்தது. அதன் அமால்கமேஷன்ஸ் குழுமம் 1960இல் மேசி ஃபெர்குசன் கூட்டுடன் டாஃபே என்ற டிராக்டர் நிறுவனத்தைத் தொடங்கியது. நம் ஊர் வயல்களின் சிவப்பு மேசிகளுக்குப் பூர்வீகம் அந்தச் செம்பியம்தான்.

மேசியின் சீட்டுக்கு வலப்பக்கம் ஹைட்ராலிக் லீவர்கள் இரண்டு இருக்கும். ஒன்று டிராஃப்ட், அந்த ஸ்பிரிங்கின் வேலையை ஆள்வது; இன்னொன்று பொசிஷன். கோடை உழவுக்கு, மண் இடத்துக்கு இடம் மாறும் புஞ்சையில், டிராஃப்ட்தான் சரி. சேற்றில் ரோட்டாவேட்டர் என்ற சுழல்கத்திக் கருவியை ஓட்டும்போது அதற்கு அதிக வேலையில்லை. கத்திகளை இன்ஜினே சுழற்றுவதால் டாப் லிங்க்கில் அந்தத் தள்ளல் விழாது. அப்போது உயரத்தை மட்டும் பிடித்து வைக்கும் பொசிஷன் லீவர் போதும்.