சாவியைத் தொலைத்த செல்வி கதவைத் திறந்தது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். ஜன்னல் சீட் கிடைத்துவிட்டால் பையிலிருந்து வெளியே வருவது பெரும்பாலும் ஒரு கோஸி மிஸ்டரி. ரத்தம் தெறிக்காத கொலைக் கதை என்று அதைச் சொல்லலாம். சின்ன ஊர், ஒரு பேக்கரி, அதை நடத்தும் ஒரு பெண், அவளுடைய பூனை. கொலை நம் கண்ணுக்கு மறைவாக நடந்து முடிந்திருக்கும். துப்புத் துலக்குவது போலீஸ் இல்லை, அந்தப் பேக்கரிக்காரிதான். ஒரு தொடர் பத்து, இருபது புத்தகங்கள் வரை நீளும்.

நான் படிக்கும் தொடரின் முதல் புத்தகத்தில் கொலையாளியைக் கடைசிவரை ஊகிக்க முடியவில்லை. ஆறாவதில் பாதியிலேயே தெரிந்துவிட்டது. ஏமாற்றமாக இருந்தது, ஆனாலும் அடுத்ததைக் கையில் எடுத்தபோது அதே சந்தோஷம். இரண்டும் எப்படிச் சேர்ந்து வருகின்றன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு கேள்வி. பாரதப் போரில் பீமனுக்குத் தேரோட்டிய கடவுள் யார்? எங்கள் வீட்டில் கேட்டபோது எல்லோரும் ‘கண்ணன்’ என்றார்கள். கண்ணன் ஓட்டியது அர்ஜுனன் தேரை. 1981இல் எரிக்சன், மாட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் பைபிளை வைத்து இதையே செய்தார்கள். மோசே தன் பேழையில் ஒவ்வொரு விலங்கிலும் எத்தனை ஏற்றினார் என்று கேட்டார்கள். பேழை நோவாவுடையது என்று நன்றாகத் தெரிந்தவர்களில்கூடப் பலர் ‘இரண்டு’ என்றே சொன்னார்கள். மூளை ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்ப்பதில்லை. ஏறக்குறைய பொருந்தினால் போதும், உள்ளே விட்டுவிடும். வாக்கியத்தின் அழுத்தம் விழும் இடத்தில் பிழை இருந்தால் பிடித்துவிடுகிறோம், ஓரத்தில் இருந்தால் அது தப்பிவிடுகிறது.

மர்மக் கதை எழுதுகிறவர்கள் தடயத்தை அந்த ஓரத்தில்தான் வைக்கிறார்கள். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘சாவியை நேற்றே தொலைத்திருந்த செல்வி, பூனை பாலைக் குடித்துவிடுமே என்ற பதற்றத்தில் பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினாள்.’ நம் கவனம் பூனையோடும் செல்வியோடும் ஓடுகிறது. சாவியில்லாமல் பூட்டை எப்படித் திறந்தாள் என்ற கேள்வி ‘தொலைத்திருந்த’ என்ற பெயரெச்சத்துக்குள் அடங்கிவிட்டது. தமிழில் வினைமுற்றுக்குப் போய்ச் சேரும் அவசரத்தில் நாம் எச்சங்களை மிதித்துக்கொண்டு போகிறோம். தடயம் ஒளிக்க இவ்வளவு வசதியான இலக்கணம் நமக்கு இருப்பது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. இன்னொரு வசதியும் உண்டு. ‘டாக்டர் வந்தார்’ என்று எழுதிவிட்டால் ஆணா பெண்ணா என்று சொல்லாமலே கதை முழுக்க ‘அவர்’ என்று ஓட்டிவிடலாம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் அடுத்த வரியிலேயே ‘ஹீ’யா ‘ஷீ’யா என்று முடிவு செய்தாக வேண்டும்.

சரி, ஒளித்து வைத்ததைத் தேடுவதில் ஏன் இவ்வளவு சுகம்? 2009இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தவர்களிடம் பொது அறிவுக் கேள்விகள் கேட்டார்கள். சுத்தமாகத் தெரியாத கேள்விகளிலும் நன்றாகத் தெரிந்த கேள்விகளிலும் ஆர்வம் குறைவாக இருந்தது. தெரிந்த மாதிரியும் தெரியாத மாதிரியும் இருந்தவற்றில்தான் ஆர்வம் உச்சத்தைத் தொட்டது. ஆர்வம் கூடும்போது, பரிசை எதிர்பார்க்கையில் வேலை செய்யும் காடேட் என்ற மூளைப் பகுதியும் சுறுசுறுப்பானது. நல்ல மர்மக் கதை நம்மை அந்த நடுவிலேயே நிறுத்தி வைக்கிறது. ஐந்து பேர் மேல் சந்தேகம், ஒவ்வொருவர் மேலும் பாதி நம்பிக்கை.

தொடர் நீள நீள அந்த நடு இடம் நழுவிப் போகிறது. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளிடம் செய்த சோதனைகள் இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவின. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் குரங்கின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகியபின், விளக்குக்குத் துடித்தன, சாறு வந்தபோது சும்மா இருந்தன. 1997இல் அவரும் இரண்டு சகாக்களும் இதை ஊகப் பிழை என்று விளக்கினார்கள். நினைத்ததைவிட அதிகமாகக் கிடைத்தால்தான் அந்தத் துடிப்பு. என் ஆறாவது புத்தகத்தில் நடந்ததும் இதைப் போன்றதுதான் என்று நினைக்கிறேன். காரணமே இல்லாமல் ஒருவருக்கு ஐம்பதாம் பக்கத்தில் ஒரு நீண்ட காட்சி கொடுத்தால் அவர்தான் ஆள் என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன். கடைசி அத்தியாயம் சப்பென்று போனது. சந்தோஷம் அட்டைப்படத்துக்கு இடம் மாறியிருந்தது.

என் அத்தைக்கு இந்தச் சிக்கலே இல்லை. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் படிப்பார். “அப்புறம் என்ன அத்தை இருக்கு படிக்க?” என்று ஒருமுறை கேட்டேன். “யாருன்னு தெரிஞ்சாத்தான்டி எங்க ஒளிச்சிருக்காங்கன்னு பாக்க முடியும்” என்றார். 2011இல் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் பன்னிரண்டு சிறுகதைகளைக் கொடுத்துச் சோதித்தபோது, முடிவை முன்கூட்டியே அறிந்தவர்கள் சராசரியாகச் சற்றுக் கூடுதலாகவே ரசித்தார்கள். 2015இல் வெளியான இன்னொரு ஆய்வில் இதற்கு நேர்மாறான முடிவு வந்தது. ஆளுக்கு ஆள், கதைக்குக் கதை மாறும் விஷயம் இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

என்னை உண்மையில் வாட்டியது மூன்றாவது புத்தகம். பழைய புத்தகக் கடையில் ஒன்று, இரண்டு கிடைத்தன. அப்புறம் நான்கிலிருந்து வரிசையாக இருந்தன. மூன்று மட்டும் இல்லை. அதைத் தள்ளிவைத்துவிட்டு ஐந்து, ஆறு என்று படித்தும் மனது அங்கேயே நின்றது. 1928இல் மரியா ஓவ்சியாங்கினா என்ற உளவியலாளர் பெர்லினில் ஒரு சோதனையை வெளியிட்டார். வேலையைப் பாதியில் நிறுத்தச் சொன்னால், யாரும் கேட்காமலே பெரும்பாலோர் திரும்பிப் போய் அதை முடித்தார்கள். தொடர்க் கதைகள் இந்த இழுப்பை நம்பித்தான் ஓடுகின்றன.

மூன்றாவதின் முடிவைச் சொல்லிவிடுமோ என்று நான்காவதை மட்டும் அதுவரை தொடாமல் வைத்திருந்தேன். போன வாரம் பொறுக்க முடியாமல் பிரித்தேன். மாலை பஸ் பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறும்போது இருபதாம் பக்கத்தில் ஒரு வரி வந்தது. அண்ணன் சிறைக்குப் போனதிலிருந்து வெளியே வராமல் இருந்த தபால்காரரின் தங்கை, அன்று ரொட்டி வாங்கக் கடைக்கு வந்தாளாம். வேறு நாளாக இருந்தால் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போயிருப்பேன். இந்த முறை எச்சத்திலேயே கண் நின்றுவிட்டது. மூன்றாவதின் கொலையாளி தபால்காரர்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் புலம்பினேன். அவர் முகம் மலர்ந்தது.

“நல்லதாப் போச்சு. இப்பத் தேடிப் பிடிடி அந்த மூணாவதை. சேர்ந்தே படிப்போம்.”