சுவரில் படிந்த கைத்தடம்

வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் நான். உள்ளே நுழைந்ததும் முழங்காலைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரைப் பார்ப்பேன். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் எங்கெல்லாம் பெயின்ட் மங்கி எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கிறதோ, அங்கெல்லாம் அவர் தினமும் கையை ஊன்றுகிறார் என்று அர்த்தம். தடுமாறுவதைப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்க மாட்டார். சுவர் சொல்லிவிடும்.

போன வருஷம் பார்த்த ஓர் அம்மாவுக்கு 78 வயது. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னையில் மகனுடைய மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. "நடக்கவே மாட்டேங்கறாங்க மேடம். தண்ணியும் குடிக்க மாட்டேங்கறாங்க. ரெண்டு தடவை யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்துடுச்சு" என்றார் மகன். மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஆனால் நடையையே நிறுத்துகிற அளவுக்கு இல்லை.

பாத்ரூமைப் பார்த்தேன். தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் நாலு அங்குலத் தடுப்பு. தாண்டினால் உள்ளே தரை இன்னும் தாழ்வு. தரையும் வெள்ளை, சுவரும் வெள்ளை, டாய்லெட் கோப்பையும் வெள்ளை. பிடித்துக்கொள்ள இருந்தது துண்டு போடும் கம்பி ஒன்றுதான். அசைத்துப் பார்த்தால் ஒரு பக்க ஸ்க்ரூ பாதி வெளியே வந்திருந்தது. மகன் போன் பேச நகர்ந்ததும் அந்த அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ராத்திரி அங்க போக பயமா இருக்கும்மா. அதான் அஞ்சு மணிக்கு மேல தண்ணி குடிக்கறதில்ல."

எல்லாம் அங்கேயே ஆரம்பித்திருந்தது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், எழுந்து நின்றால் தலைசுற்றல். தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தே இருந்தால் தொடைச் சதை கரையும். சதை கரைந்தவர் விழாமல் என்ன செய்வார்? உலக சுகாதார நிறுவனக் கணக்கில், கீழே விழுந்து இறப்பவர்கள் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர். அதில் 60 வயது தாண்டியவர்கள்தான் அதிகம். குடும்பத்தார் ரோட்டை நினைத்துப் பயப்படுகிறார்கள். நான் பார்த்த இடுப்பு எலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில், விடிவதற்கு முன்னால் நடந்தவை.

வெளிச்சத்தைப் பற்றி யாருமே யோசிப்பதில்லை. 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதுக் கண்ணோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். வயதாக ஆகக் கண்ணின் பாவை சுருங்கிவிடும், லென்ஸ் மஞ்சளித்துவிடும். நமக்குப் போதுமான விளக்கு அவர்களுக்கு அந்தி மயங்கிய நேரம் மாதிரி. வெள்ளைத் தரையில் வெள்ளைப் படி என்றால் படி இருப்பதே தெரியாது. விளிம்பில் அடர்ந்த நிறத்தில் ஒரு டேப் ஒட்டினாலே போதும், கால் தானாக உயரும்.

அந்த வீட்டில் செய்தது பெரிய செலவில்லை. கைத்தடம் இருந்த உயரத்திலேயே ஸ்டீல் கம்பிகளை ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கினோம். துண்டுக் கம்பியைக் கழற்றியே விட்டோம், இருந்தால் கை அதற்குத்தான் போகும். வழி நெடுக இரவு விளக்கு. கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினோம். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளித் திறக்க முடியாது. ஒரு வீட்டில் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் விழாமல் இருந்தால் மட்டும் போதுமா? அவருடைய நாற்காலி டிவியைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. ஊரில் திண்ணையில் உட்கார்ந்தவர் அவர். பால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், தெருவில் போகிற யாராவது ஒருவர் நின்று "என்னத்தே, சாப்டாச்சா" என்று கேட்டுவிட்டுப் போவார். இங்கே அப்படிக் கேட்க ஆளில்லை. ரோஜர் உல்ரிக் என்பவர் 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவை முடிந்த 46 பேரில் பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. சில நாள் படுத்திருந்தவர்களுக்கே இப்படி. வருஷக்கணக்கில் ஒரே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரை நினைத்துப் பாருங்கள்.

நாற்காலியைப் பால்கனி கிரில் பக்கம் போட்டோம். கைப்பிடி வைத்தது, கொஞ்சம் உயரமானது, எழும்போது ஊன்றிக்கொள்ள வசதியாக. நான் எழுதிக் கொடுத்த பயிற்சித் தாள் பிரிட்ஜ் மேல் அப்படியே கிடந்தது. ஆனால் ஸ்கூல் வேன் வரும் நேரம், பூக்காரம்மா குரல், எதிர் பிளாக்கில் துணி காயப்போடும் பெண் என்று ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை எழுந்து போய் வருகிறார். அப்புறம், சாயந்திரம் ஆறு மணிக்குக் காபியும் உண்டு.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. ஞாபக மறதி நோய் உள்ளவர் வீட்டில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழைய பீரோதான் அவருக்கு வழிகாட்டி. அதை நகர்த்தினால் பாத்ரூம் போகும் திசையே தொலைந்துவிடும். கறுப்பு மிதியடி அவர் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரியலாம்.

அந்த அம்மா இப்போது லிப்டில் கீழே வருகிறார், உட்காரத்தான் இடமில்லை. நிழலில் ஒரு பெஞ்ச் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். கார் நிறுத்தும் இடம் குறையும் என்று அசோசியேஷனில் இழுக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்குத் தானே வந்து கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.