தினக்கூலிக்கு பி.எஃப். கிடையாதுன்னு யார் சொன்னது?

விடிவதற்கு முன்னே போடியிலும் கம்பத்திலும் ஜீப் ஏறி, மலை மெட்டு தாண்டி கேரளத்தின் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களிடம் பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி, பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான்: "நாங்க தினக்கூலிங்க, எங்களுக்கெல்லாம் கிடையாது." இருபது வருஷம் காய் எடுத்து, இடுப்பு விட்டுப்போய், 58 வயதில் பென்ஷன் கேட்டு வரும்போதும் அதே பதில். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

கிடையாது என்று சொன்னது சட்டமா, ஆள்களை மேய்க்கும் கங்காணியா? 1952-ம் ஆண்டு பி.எஃப். சட்டமும் சரி, அதன் இடத்துக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் சரி, தோட்டக்காரர் நேரடியாக வைத்த ஆளையும் கான்ட்ராக்டர் கூட்டிவந்த ஆளையும் ஒன்றாகத்தான் பார்க்கின்றன. தினக்கூலி, வாரக்கூலி, நிரந்தரம் என்ற பேதமே கிடையாது. மாதக் கூலி 15,000 ரூபாய்க்குள் என்றால் முதல் நாளிலிருந்தே நீங்கள் உறுப்பினர். தோட்டத்தில் 20 பேர் இருந்தால் போதும். பிறகு ஆள் 12 ஆகக் குறைந்தாலும் தோட்டம் சட்டத்திலிருந்து வெளியேற முடியாது. அண்ணன் பெயரில் 18 பேர், தம்பி பெயரில் 17 பேர் என்று பிரித்து எழுதுவது பழைய வித்தை. ஒரே மேனேஜர், ஒரே காய் ஸ்டோர், ஒரே கூலிக் கணக்கு என்று காட்ட முடிந்தால் பெரும்பாலும் அது நிற்காது.

கூலி 10,000 என்றால் உங்களிடம் பிடிப்பது 1,200. முதலாளி போடுவது இன்னொரு 1,200. அதில் 833 பென்ஷனுக்கு, 367 பி.எஃப்.புக்கு. அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். காய் விலை விழுந்தது, கான்ட்ராக்டர் ஓடிவிட்டார் என்பதெல்லாம் சாக்கு. கான்ட்ராக்டர் கட்டாததைத் தோட்டக்காரர்தான் கட்ட வேண்டும், தாமதத்துக்கு வட்டியும் தண்டமும் சேர்த்து. பிடிக்காமல் விட்ட பழைய பங்கை இப்போது உங்கள் கூலியில் கழிக்கவும் முடியாது. பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டாரா? அது நம்பிக்கை மோசடி, கிரிமினல் குற்றம்.

இனி செய்ய வேண்டியது. யு.ஏ.என்., அதாவது உங்கள் பி.எஃப். கணக்குக்கான நிரந்தர நம்பரை, கேட்டு வாங்குங்கள். அதில் பதிவான போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கணக்கில் இருக்கும் பணம் தெரியும். பி.எஃப். பாஸ்புக்கில் பென்ஷனுக்கான கட்டம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள், அங்கேதான் ஏமாறுகிறார்கள். எடைச் சீட்டு, செக்ரோல் (வருகைப் பதிவேடு) போட்டோ, கூலி ஏறிய பேங்க் பாஸ்புக் எதையும் தூக்கிப் போடாதீர்கள். தோட்டம் இடுக்கியில் என்றால் மனு கேரள பி.எஃப். அலுவலகத்துக்கு. மதுரையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், அய்யா.

58 ஆகட்டும் என்று தள்ளிப்போடவும் வேண்டாம். பழைய சட்டத்தில் விசாரணைக்குக் காலவரம்பு இல்லை. புதிய தொகுப்பு ஐந்து வருஷம் என்று வரம்பு கட்டிவிட்டது. பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும், ஒன்பது வருஷம் ஆறு மாதம் இருந்தாலும் பத்தாக எடுப்பார்கள். பணம் வந்து சேர்ந்த காலம் மட்டுமல்ல, வர வேண்டிய காலமும் கணக்கில் உண்டு. ஆனால் வேலை பார்த்ததற்குச் சீட்டு வேண்டும்.

கடைசியாக, பெயர். ஆதாரில் லட்சுமி, மலையாள கிளார்க் எழுதிய செக்ரோலில் லக்ஷ்மி, பேங்கில் லெட்சுமி. மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிப்பதற்குள் மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும், அம்மா. இப்போதே திருத்திவிடுங்கள்.