நான்கு சிவப்பு விளக்குகள்

"பகலில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓட்டுகிறேன் சார். இரவு மட்டும் வேண்டாம்."

என்னிடம் விமானப் பயிற்சிக்கு வந்த ஒருவர் முதல் நாளே இப்படிச் சொன்னார். ஈசூனில் குடியிருக்கும் பொறியாளர், நாற்பதைத் தாண்டியவர். சிங்கப்பூரின் வான்வெளி குறுகியது. அதனால் சிறு விமானம் ஓட்டும் ஆசையுள்ள நம்மவர்கள் சிலர் கடற்பாலம் தாண்டி மலேசியாவில் ஓட்டுகிறார்கள். இவரும் அப்படித்தான். நெடுநாள் இடைவெளிக்குப் பின் ஓர் இரவு, செம்பனைத் தோட்டங்களின் மேலாகத் தனியே தரையிறங்க வந்திருக்கிறார். ஓடுபாதை ஓரத்திலுள்ள நான்கு வழிகாட்டி விளக்குகளில் இரண்டு வெள்ளையும் இரண்டு சிவப்பும் தெரிந்தால் சரிவு சரி. அன்று நான்கும் சிவப்பாக எரிந்தன. மிகத் தாழ்ந்துவிட்டார் என்று பொருள். முழு விசை கொடுத்து மேலேறித் தப்பினார். அதன்பின் எட்டு மாதங்கள் இருட்டிய பிறகு விமானத்தில் ஏறவே இல்லை.

"கோழையாகிவிட்டேன்" என்று வருந்தினார். நான் அதை ஏற்கவில்லை. அவருடைய பயத்தில் நியாயம் இருந்தது. என்ன நடந்தது என்று கேட்காமலே "தைரியமாகப் போங்கள்" என்று முதுகில் தட்டி அனுப்புகிறவர்கள் மீதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

பகலில் மரமும் சாலையும் கூரையும் சேர்ந்து நம் உயரத்தைக் கண்ணுக்குச் சொல்லிவிடுகின்றன. இருண்ட தோட்டத்துக்கோ கடலுக்கோ அப்பால் ஓடுபாதை விளக்குகள் மட்டும் மின்னும்போது கண்ணுக்கு அளவுகோல் இல்லை. உயரே இருப்பதாகத் தோன்றும். கை தன்னையறியாமல் விமானத்தின் மூக்கைத் தாழ்த்தும். இதைக் 'கருங்குழி மாயை' என்று சொல்லலாம். போயிங் நிறுவனத்தின் கான்ராட் கிராஃப்ட் 1960களில் அனுபவமுள்ள விமானிகளையே விமானம் ஓட்டுவதுபோல் காட்டும் பாவனைக் கருவியில் அமர்த்திச் சோதித்தார். அவர்களும் தாழ்ந்தே வந்தார்கள். அப்படியிருக்க, வார இறுதியில் ஓட்டும் ஒருவர் ஏமாந்ததில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆகவே முதல் பாடத்தைத் தரையிலேயே வைத்தேன். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் இரவு நேரத்தில் நின்று, தொலைவில் நங்கூரமிட்ட கப்பலின் ஒற்றை விளக்கை இமைக்காமல் பார்க்கச் சொன்னேன். சிறிது நேரத்தில் அது நகர்வதுபோல் இருந்தது. "உண்மையில் நகர்கிறதா சார்?" என்று கேட்டார். நகரவில்லை. வானிலிருந்து பார்க்கும்போது இதே கப்பல் விளக்குகள் விண்மீன்களோடு கலந்து அடிவானத்தையே அழித்துவிடும்.

நம் சமநிலையை உணரும் உட்காதும் ஏமாற்றும். அடுத்த பாடம் வானில், நல்ல பகலில். அவரைக் கண்ணை மூடித் தலையைக் குனியச் சொல்லிவிட்டு, விமானத்தை மெல்ல மெல்லச் சாய்த்துத் திருப்பினேன். "எப்படிப் போகிறோம்?" என்றேன். "நேராக" என்றார். கண்ணைத் திறந்தபோது இடது இறக்கை முப்பது பாகை சரிந்திருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். 1999 ஜூலையில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் ஓட்டிய விமானம் கடலில் விழுந்ததற்கும் இரவில் கடலின் மேல் ஏற்பட்ட இந்தத் திசைக்குழப்பமே காரணம் என்று விசாரணை சொன்னது. அன்றும் வானில் மங்கல் இருந்தது. புகைமூட்டக் காலத்தில் பறப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

அமெரிக்க விதிப்படி, இரவில் பயணிகளை ஏற்றிச் செல்ல 90 நாட்களுக்குள் மூன்று முறை இரவில் மேலேறித் தரையிறங்கியிருந்தால் போதும். சட்டத்துக்கு அது போதும். அடிபட்ட மனத்துக்குப் போதாது. நாங்கள் மாலை ஆறரைக்குக் கிளம்பினோம். இங்கே அந்தி மிகக் குறுகியது. ஏழு மணியளவில் சூரியன் மறைந்தால் இருபது நிமிடங்களில் இருட்டிவிடும். ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வந்து இறங்கிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் இருள் கொஞ்சம் கூடும். திடீரென்று இரவுக்குள் தள்ளப்பட்டதாக மனம் பதறாது. ஒவ்வொரு முறையும் உயரத்தை உரக்கச் சொல்ல வைத்தேன்: ஓடுபாதைக்கு மூன்று கடல்மைலில் 900 அடி, இரண்டில் 600, ஒன்றில் 300.

கண் இருளுக்குப் பழக அரைமணி நேரமாவது பிடிக்கும். கைபேசித் திரையைச் சற்று நேரம் பார்த்தாலே அது கெட்டுவிடும். சிவப்பு டார்ச் கண்ணுக்கு இதம்தான், ஆனால் வரைபடத்திலுள்ள சிவப்புக் கோடுகள் அதில் மறைந்துபோகும்.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன். வெள்ளிக்கிழமை வேலை முடித்து, கடற்பால நெரிசலில் இரண்டு மணி நேரம் காத்திருந்து வந்தால் அன்று பறப்பது கிடையாது. ஒருமுறை அப்படி வந்தவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். முகம் வாடிப் போனார்.

ஆறாவது மாலை. நன்றாக இருட்டியிருந்தது. தோட்டத்தின் மேல் வந்துகொண்டிருந்தோம். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. பிறகு ஒரு வெள்ளை, மூன்று சிவப்பு. நான் வாய் திறக்கவில்லை. கைகளை மடியிலேயே வைத்திருந்தேன்.

"தாழ்ந்துவிட்டேன் சார். இந்த முறை இறங்கவில்லை, மேலே போகிறேன்" என்றார். குரலில் பதற்றமில்லை. விசையைக் கூட்டினார், மூக்கை உயர்த்தினார், கருவியைப் பார்த்தார். அடுத்த சுற்றில் இறங்கினோம்.