கேட்டு வாங்கும் பெட்டி

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஒரு வீட்டின் டிவிக்குப் பின்னால் குனிந்து பார்த்தால், சுவரிலிருந்து ஒரு கருப்புக் கம்பி வெளியே வந்திருக்கும். அது தீப்பெட்டி அளவிலான ஓர் உலோகத் துண்டில் போய் முடியும். அதன் பெயர் ஸ்ப்ளிட்டர். நம்மூர் கேபிள்காரரும் அதை அப்படித்தான் சொல்வார். அதிலிருந்து இரண்டு கம்பிகள் பிரியும். ஒன்று கேபிள் நிறுவனம் மாத வாடகைக்குத் தந்த செட்டாப் பாக்ஸுக்குப் போகும். மற்றொன்று இணைய மோடத்துக்கு. மோடத்திலிருந்து, பிள்ளைகள் விளையாடும் கன்சோலுக்கு.

இரண்டு பெட்டிகளிலும் படம் பார்க்கலாம். இரண்டுக்கும் படம் வருவது சுவரிலுள்ள அதே கம்பி வழியாகத்தான். ஆனால் படம் வந்து சேரும் விதத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கேபிள் டிவியை ஒரு கல்யாணப் பந்தியாக நினைத்துக்கொள்ளுங்கள். வேண்டுமோ வேண்டாமோ, எல்லா இலையிலும் எல்லாப் பதார்த்தமும் விழும். கம்பிக்குள் 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசைத் தடங்கள் நூற்றுக்கு மேல் அடுக்கப்பட்டிருக்கும். பழைய அனலாக் முறையில் ஒரு தடத்துக்கு ஒரு சேனல். டிஜிட்டல் வந்த பிறகு ஒரே தடத்தில் நொடிக்குச் சுமார் 38 மெகாபிட் போக முடிந்தது. இரண்டு மூன்று எச்டி சேனல்களோ, பத்துச் சாதாரண சேனல்களோ அதில் அடங்கும். யாராவது பார்க்கிறார்களா என்ற கேள்வியே இல்லாமல் இவை ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வந்துகொண்டே இருக்கும். செட்டாப் பாக்ஸின் வேலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிடுவது.

இதை மட்டமான ஏற்பாடு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பந்தயத்தைப் பத்துப் பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் கேபிள் நிறுவனத்துக்கு வேலை ஒன்றுதான். இணையத்துக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. இணையத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக அனுப்பியாக வேண்டும். அந்த இணையம் வந்ததோ அதே கம்பியில். நூற்றுச் சொச்சம் தடங்களில் ஒரு சிலவற்றை மட்டும் மோடத்துக்கென்று ஒதுக்கி, அவற்றையும் தெருவிலுள்ள பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருந்தார்கள்.

நெட்ஃபிளிக்ஸ் அதுவரை தபாலில் டிவிடி அனுப்பும் நிறுவனமாக அறியப்பட்டது. 2007 ஜனவரியில், இணையம் வழியாகவே படம் காட்டும் ஸ்ட்ரீமிங்கைக் கணினியில் தொடங்கியது. ஆனால் கணினி மேசை மேலே இருந்தது, சோபா டிவிக்கு எதிரே இருந்தது. அந்தக் கால டிவிகளில் பெரும்பாலானவற்றுக்கு இணையம் என்றால் என்னவென்றே தெரியாது. டிவியோடும் இணையத்தோடும் ஏற்கெனவே இணைந்திருந்த பொருள், வலுவான பிராசஸரும் உள்ள பொருள், கூடத்தில் ஒன்றே ஒன்றுதான். அது கேம் கன்சோல். 2000ல் வந்த பிளேஸ்டேஷன் 2 டிவிடியை ஓட்டியது. 2006ல் வந்த பிளேஸ்டேஷன் 3 புளூரேயை ஓட்டியது. கன்சோலில் படம் பார்ப்பது மக்களுக்குப் பழகியிருந்தது.

2008 நவம்பர் 19 அன்று எக்ஸ்பாக்ஸ் 360ல் நெட்ஃபிளிக்ஸ் வந்தது. பார்க்க வேண்டிய படங்களைக் கணினியில் போய்ப் பட்டியலிட்டு வைக்க வேண்டும். அந்தப் பட்டியல் மட்டும்தான் கன்சோலில் தெரியும். பிளேஸ்டேஷன் 3க்கு 2009 நவம்பரிலும், நின்டென்டோவின் வீ கன்சோலுக்கு 2010 வசந்தத்திலும் வந்தபோது ஒரு வேடிக்கையான ஏற்பாடு இருந்தது. நெட்ஃபிளிக்ஸ் தபாலில் ஒரு டிஸ்க் அனுப்பும். படம் பார்க்கும்போதெல்லாம் அதைச் செருகியாக வேண்டும். டிஸ்க்கில் ஒரு படமும் இருக்காது, ஓட்டுவதற்கான மென்பொருள் மட்டுமே இருக்கும். 2010 அக்டோபரில்தான் அந்த டிஸ்க்குக்கு வேலை இல்லாமல் போனது.

கணக்கு மக்களுக்கு எளிதில் புரிந்தது. அன்று கேபிள் டிவி மாதம் சுமார் 50 டாலர். நெட்ஃபிளிக்ஸ் மாதம் 8.99 டாலரிலிருந்து. எக்ஸ்பாக்ஸ்காரர்கள் அதற்குமேல் ஆண்டுக்கு 50 டாலர் அளவில் தனிச் சந்தா கட்ட வேண்டியிருந்தது. இணையக் கட்டணம் எப்படியும் உண்டு. அப்படியும் ஆண்டுக் கடைசியில் நானூறு டாலருக்கு மேல் கையில் நிற்கும். நேரலை விளையாட்டும் செய்தியும் இல்லாமல் இருக்க முடியுமானால்.

சரி, படம் எப்படி அந்தக் கம்பிக்குள் நுழைந்தது? அன்றைய எச்டி என்பது 1280 பெருக்கல் 720 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட், நொடிக்கு 24 நிலைப்படங்கள். பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு 53 கோடி பிட். நெட்ஃபிளிக்ஸ் எக்ஸ்பாக்ஸுக்கு அனுப்பிய மிகத் தரமான வடிவமோ நொடிக்கு 38 லட்சம் பிட்தான். 140 பங்கில் ஒரு பங்கு. மீதி 139 பங்கு எங்கே போயிற்று?

முதல் பாதி நம் கண்ணின் பலவீனத்தில் கழிந்துவிடும். வெளிச்ச வேறுபாட்டைக் கண் கூர்மையாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவாகப் பார்க்காது. அதனால் நாலு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவல் வைத்தால் போதும். இதிலேயே அளவு பாதியாகும். அடுத்த சேமிப்பு மிகப் பெரியது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே நொடியில் 24ல் ஒரு பங்குதான் இடைவெளி, அதற்குள் பெரிதாக என்ன மாறிவிடும்? படத்தை 16 பெருக்கல் 16 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, 'இந்தக் கட்டம் போன படத்தில் ஆறு புள்ளி இடப்பக்கம் இருந்தது' என்று குறிப்பு எழுதிவிட்டால் கட்டத்தைத் திரும்ப அனுப்பத் தேவையில்லை. சில நொடிகளுக்கு ஒருமுறை மட்டும் முழுப்படம் போகும். இடையில் போவதெல்லாம் இப்படிப்பட்ட குறிப்புகள்.

குறிப்பில் அடங்காத மிச்சத்தைச் சுருக்க ஒரு கணிதம் உண்டு. ஒரு சின்னக் கட்டத்தின் ஒளி ஏற்ற இறக்கத்தை, அகலமான அலைகளும் நெருக்கமான அலைகளும் சேர்ந்த கூட்டாக எழுதுவது. நெருக்கமான அலைகளைத் துல்லியம் குறைத்து வைத்தாலும் கண் கண்டுபிடிக்காது. இதற்கு அடிப்படையான கொசைன் உருமாற்றத்தை 1974 ஜனவரியில் ஓர் ஆய்வுத்தாளில் வெளியிட்டவர்கள் மூவர்: பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது, அவருடைய மாணவர் நடராஜன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு டெக்சாஸில் பேராசிரியராக இருந்த கே. ஆர். ராவ். உங்கள் போனிலுள்ள ஜேபெக் புகைப்படங்களும் இதே கணிதத்தில்தான் சுருங்கிக் கிடக்கின்றன. ஸ்ட்ரீமிங் பற்றிப் பேசும்போது இந்த மூன்று பெயர்கள் அடிபடாதது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

சுருக்கியாயிற்று. ஆனால் இணையத்தின் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். சாயங்காலம் தெருவே வீடு திரும்பியதும் குறையும், பக்கத்து அறையில் யாராவது பெரிய ஃபைலை டவுன்லோட் செய்தால் இன்னும் குறையும். படமோ ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. இந்தச் சிக்கலுக்குக் கண்ட தீர்வுதான் ஸ்ட்ரீமிங்கின் உயிர்நாடி என்பேன்.

ஒரே படத்தைப் பல தரங்களில் சுருக்கி வைப்பார்கள்: நொடிக்கு 5 லட்சம் பிட்டில் ஒன்று, 10 லட்சத்தில், 16 லட்சத்தில், 26 லட்சத்தில், 38 லட்சத்தில் என்று. ஒவ்வொன்றையும் சில நொடி நீளமுள்ள துண்டுகளின் வரிசையாக நினைத்துக்கொள்ளலாம். இவற்றை வைத்திருக்கும் நெட்ஃபிளிக்ஸின் கணினி, அதாவது சர்வர், ஒரு மளிகைக் கடை மாதிரி. எந்தத் துண்டைக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும், அதற்குமேல் எதுவும் யோசிக்காது. எதைக் கேட்பது, எந்தத் தரத்தில் கேட்பது, எப்போது கேட்பது என்பதையெல்லாம் தீர்மானிப்பது வீட்டிலிருக்கும் கன்சோல்.

நாலு நொடித் துண்டு ஒன்றை 38 லட்சம் பிட் தரத்தில் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 152 லட்சம் பிட். அது இரண்டு நொடியில் வந்துவிட்டால், நாலு நொடிப் படம் கையில், செலவானது இரண்டு நொடி. இரண்டு நொடி மிச்சம். அதே துண்டு வர ஐந்து நொடி ஆனால் கையிருப்பில் ஒரு நொடி கரைந்துவிட்டது. வேகம் நொடிக்கு 30 லட்சம் பிட்டுக்கு இறங்கியிருக்கிறது என்று கன்சோல் புரிந்துகொண்டு, அடுத்த துண்டை 26 லட்சம் தரத்தில் கேட்கும். அது மூன்றரை நொடிக்குள் வந்துவிடும், கையிருப்பு மறுபடி ஏறும். உங்களுக்குத் தெரிவதெல்லாம் நாயகியின் முகம் சில நொடிகள் கொஞ்சம் மங்கலானது மட்டும்தான்.

இந்தக் கையிருப்புக்குப் பஃபர் என்று பெயர். நம் வீட்டு மாடியிலிருக்கும் தண்ணீர்த் தொட்டியேதான். குழாய்த் தண்ணீர் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தொட்டியில் இருக்கும் வரை கீழே குழாய் சீராகக் கொட்டும். தொட்டி காலியானால்தான் அந்தச் சுற்றும் வட்டம் திரையில் வரும். இதில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினரும் நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர்களும் சேர்ந்து 2014ல் வெளியிட்ட ஆய்வு அழகானது. வேகத்தை அளந்து ஊகிப்பதை நம்ப முடியவில்லை, அது ஏமாற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் படம் சீராக ஓடத் தொடங்கிய பிறகு வேகத்தை விட்டுவிட்டு, தொட்டியின் மட்டத்தை மட்டும் பார்த்துத் தரத்தை முடிவு செய்தால் என்ன என்று கேட்டார்கள். மட்டம் உயர்ந்தால் நல்ல தரம், தாழ்ந்தால் எளிய தரம். நெட்ஃபிளிக்ஸ் பயனர்களிடமே சோதித்ததில் படம் நின்றுபோவது 10 முதல் 20 சதவீதம் குறைந்தது.

வந்த துண்டுகள் பூட்டப்பட்டிருக்கும். பூட்டைத் திறக்கும் சாவி தனியாக வரும், அதுவும் அந்த ஒரு கன்சோலால் மட்டுமே பயன்படுத்த முடிந்த வடிவில். விளையாட்டுகளைத் திருட்டு நகல் எடுக்க விடக் கூடாது என்பதற்காகக் கன்சோலின் சிப்பிலேயே ரகசிய எண் பொறிக்கப்பட்டிருந்தது திரைப்பட ஸ்டூடியோக்களுக்குத் தெம்பு தந்தது.

பிறகு விரிக்க வேண்டும். குறிப்புகளைப் படித்து நொடிக்கு 24 முழுப்படங்களைத் திரும்பக் கட்டுவது அன்றைக்குக் கடும் வேலை. எக்ஸ்பாக்ஸ் 360ல் 3.2 கிகாஹெர்ட்ஸில் ஓடும் மூன்று கோர்கள் இருந்தன. பிளேஸ்டேஷன் 3ன் செல் பிராசஸர் இத்தகைய கணக்குகளுக்கென்றே பிறந்தது. 2010 அக்டோபரிலேயே 1080 வரிப் படத்தையும் சரவுண்டு ஒலியையும் அது நெட்ஃபிளிக்ஸிலிருந்து எடுத்துக் காட்டியது. 729 மெகாஹெர்ட்ஸ் வீ 480 வரியோடு நின்றது.

அந்த வலுவுக்கு விலை மின்சாரம். என்ஆர்டிசி என்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு 2014ல், அப்போது புதிதாக வந்திருந்த பிளேஸ்டேஷன் 4ஐயும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னையும் அளந்து பார்த்தது. ஒரு படத்தை ஸ்ட்ரீம் செய்ய, அதற்கென்றே செய்த சின்னக் கருவிகளைவிட இவை 30 முதல் 45 மடங்கு மின்சாரம் எடுத்தன. விளையாட்டுக்காகக் கட்டிய பெரிய சிப்பும் அதிவேக நினைவகமும் ஒரு படத்துக்காகவும் விழித்திருக்க வேண்டியதுதான் காரணம். வீட்டில் கன்சோல் சும்மா இருக்கிறதே என்று தினமும் நாலு மணி நேரம் அதில் படம் பார்ப்பவர்கள், ஸ்ட்ரீமிங்குக்கென்றே உள்ள ஒரு சின்ன ஸ்டிக் வாங்கி டிவியில் செருகிவிடுவது நல்லது.

2011 வசந்தத்தில் வட அமெரிக்காவில் சாயங்கால நெரிசல் வேளையில் வீடுகளுக்கு வந்த இணையப் போக்குவரத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம் நெட்ஃபிளிக்ஸ்தான் என்று, இணையப் போக்குவரத்தை அளக்கும் சாண்ட்வைன் நிறுவனம் கணித்தது. பந்தியில் ஒரே வாளி சாம்பாரை எல்லாருக்கும் ஊற்றுவதற்கும், ஆளாளுக்குத் தனித்தனியாகச் சமைத்துக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வலிக்கத் தொடங்கியது. 2012ல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு வழி கண்டது. தன் சர்வர் பெட்டிகளை இணைய நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே வைத்து, ஆட்கள் தூங்கும் நேரத்தில், மறுநாள் அதிகம் கேட்கப்படும் படங்களை அவற்றில் நிரப்பிவிடுவது. கன்சோல் கேட்கும் துண்டு அடுத்த ஊரிலிருந்தே வந்துவிடும்.

ஆனால் எல்லா நிறுவனங்களும் கதவைத் திறக்கவில்லை. அன்று அமெரிக்காவின் மிகப் பெரிய கேபிள் நிறுவனமாக இருந்த காம்காஸ்ட் தன் இணைய வாடிக்கையாளர்களுக்கு 2008 அக்டோபர் முதல் மாதம் 250 கிகாபைட் என்று வரம்பு வைத்திருந்தது. 38 லட்சம் பிட் தரத்தில் ஒரு இரண்டு மணி நேரப் படத்துக்கு 3.4 கிகாபைட் ஆகும். மாதம் எழுபது படங்களுக்கு மேல் பார்க்கலாம், அன்றைக்குத் தாராளம்தான். கோபம் வந்தது 2012 மார்ச்சில். காம்காஸ்டே எக்ஸ்பாக்ஸ் 360ல் தன் வீடியோ சேவையைக் கொண்டுவந்து, அதில் பார்ப்பது மட்டும் அந்த 250 கிகாபைட் கணக்கில் சேராது என்று அறிவித்தது. ஒரே கன்சோல், ஒரே மோடம், ஒரே கம்பி. நெட்ஃபிளிக்ஸில் பார்த்தால் கணக்கில் ஏறும், காம்காஸ்டில் பார்த்தால் ஏறாது. இது தனது சொந்த வலைப்பின்னலுக்குள்ளேயே நடக்கிறது, பொது இணையத்தைத் தொடுவதில்லை என்று அந்த நிறுவனம் விளக்கியது. அன்றைய நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் வெளிப்படையாகக் கண்டித்தார். அவர் கேட்டது நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. கம்பி ஒருவருடையதாகவும் படம் இன்னொருவருடையதாகவும் இருக்கும்போது, கம்பிக்காரர் தன் சரக்கை மட்டும் எடை போடாமல் விட்டால் கடை எப்படி நடக்கும்? மே மாதத்தில் காம்காஸ்ட் அந்த வரம்பையே நிறுத்தி வைத்தது. 2014 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் காம்காஸ்டுக்குப் பணம் கொடுத்து நேரடி இணைப்பு பெற்றது.

ஆக, கேபிளை வெட்டிவிட்டதாகச் சொன்ன பல வீடுகளில் கம்பி அப்படியே இருந்தது, மாதக் கட்டணத்தில் ஒரு பகுதியும் அதே நிறுவனத்துக்கே போனது. கழன்றது செட்டாப் பாக்ஸும் ஸ்ப்ளிட்டரும்தான். அந்தச் சின்ன உலோகத் துண்டு, தன்னிடம் வரும் சிக்னலில் பாதிக்கும் குறைவாகவே ஒவ்வொரு பக்கத்துக்கும் தரும். அதை எடுத்துவிட்டுக் கருப்புக் கம்பியை நேராக மோடத்தில் திருகியதும், செட்டாப் பாக்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த பங்கும் மோடத்துக்கே வந்து சேர்ந்தது.