செங்குத்தாக எதுவும் சரியாது

செய்தித் தலைப்புகளைப் பாருங்கள்: தக்காளி விலை செங்குத்துச் சரிவு, பங்குகள் செங்குத்துச் சரிவு, படத்தின் வசூல் செங்குத்துச் சரிவு. நட்ட கம்பம்போல் நேராக நிற்பது செங்குத்து. சாய்ந்து கிடப்பது சரிவு. இரண்டையும் ஒட்டினால் 'நேரான கோணல்' என்பதுபோல் ஒன்று கிடைக்கும்.

இப்படி எழுதிய செய்தி மொழிபெயர்ப்பாளர் முன்னால் இருந்த ஆங்கிலச் சொல் பெரும்பாலும் 'பிளம்மெட்' (plummet). ஈயத்துக்கான இலத்தீன் பெயரிலிருந்து வந்தது. கொத்தனார் கையில் இருக்கும் தூக்குக்குண்டுதான் அது. சடசடவென விழுவது என்ற பொருள் பிற்பாடுதான் ஏறியது. தூக்குக்குண்டு சரியாது. அதன் நூலில் கோத்திருக்கும் கட்டையைச் சுவரின் மேல்விளிம்பில் வைத்து நூலை விட்டால், கட்டையின் அகலமும் குண்டின் விட்டமும் ஒன்று என்பதால், சுவர் நேராக இருந்தால் குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். கீழே இடைவெளி விழுந்தால் சுவரின் மேல்பாகம் வெளியே சாய்ந்திருக்கிறது என்று கணக்கு. ஆக, சரிவைக் காட்டிக்கொடுக்கிற கருவியின் பெயரையே சரிவு என்று பெயர்த்திருக்கிறார்கள்.

சரிவுக்கும் வீழ்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டை அகராதியைவிட ஏற்காடு நன்றாகச் சொல்லும். சேலத்திலிருந்து மேலே போகும் 20 கொண்டை ஊசி வளைவுப் பாதையில் பிரேக் பிடிக்காத வண்டி எவ்வளவு வேகமாக இறங்கினாலும், சக்கரம் தரையில் இருக்கிறவரை அது சரிவுதான். அங்கே பகோடா பாயிண்ட் என்ற காட்சிமுனையின் விளிம்பில் உருண்ட கல் பாறையை விட்டு விலகிய நொடியில் சரிவு முடிந்து வீழ்ச்சி தொடங்குகிறது. கிளியூரில் சுமார் 300 அடி உயரத்திலிருந்து தண்ணீர் 'விழுகிறது'. சரிகிறது என்று யாரும் சொல்வதில்லை. (அருவி என்ற சொல் கையில் இருக்க அதை 'நீர்வீழ்ச்சி' என்று பலகையில் எழுதியது வேறு வழக்கு.)

மண்சரிவு நொடியில் நடக்கிறதே, அப்படியானால் சரிவும் திடீர்தானே என்று கேட்பார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் இங்கே வேறுபாடு வேகத்தில் இல்லை, பிடிமானத்தில் இருக்கிறது. மண் எவ்வளவு விரைந்து வந்தாலும் மலையின் உடம்பை ஒட்டியே வருகிறது. மலைக்காரர்கள் 'செங்குத்தான சரிவு' என்று பேச்சில் சொல்வதும் உண்டு. கண்ணெதிரே நிலம் இருப்பதால் அந்த மிகை புரிகிறது. விலைக்கு ஏது நிலம்?

விலையிலும் இரண்டும் நடக்கும். குச்சிக்கிழங்கை (மரவள்ளி) மாவுச்சத்துப் 'பாயிண்ட்' பார்த்துத்தான் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் வாங்குகின்றன. மழை பிடித்து பாயிண்ட் 28, 27, 25 என்று வாராவாரம் இறங்கினால், கூடவே இறங்கும் பணமும் சரிகிறது. தலைவாசல் மார்க்கெட்டில் நேற்று 400 ரூபாய்க்குப் போன தக்காளிப் பெட்டி இன்று 90 ரூபாய் என்று வையுங்கள். அங்கே நிற்கிற வியாபாரி 'ரேட்டு படுத்துருச்சு' என்பார். செங்குத்துச் சரிவு என்று அவர் வாயில் வராது.

அந்த 'படு'வில்தான் நமக்கு வேண்டிய சொல் இருக்கிறது: படுவீழ்ச்சி. படுதோல்வி, படுமோசம் என்பவற்றில் அளவை மிகுத்துக் காட்டும் அதே படு. படுஞாயிறு என்பதில் கீழே இறங்குதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. வீழ்தலோ வள்ளுவர் கையாண்ட வினை. 'வீழ்வார்' என்று காதலரைக் குறிக்கவும் அவர் இதையே எடுத்தார்.

'அதலபாதாளம்' என்பவர்களோடு பெரிய சண்டை இல்லை. கீழுலகம் ஏழில் அதலம் முதலாவது, பாதாளம் கடைசி. அது போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்கிறது, போன விதத்தைச் சொல்லவில்லை. விலை அதலபாதாளத்தில் 'கிடக்கிறது' என்றால் சரி. 'தலைகுப்புற' என்பதை ஆளுக்கும் விமானத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது 'கிடுகிடு'. கிடுகிடுத்தல் நடுங்குதல். மேட்டூர் அணையின் நீர்மட்டம் நாளுக்கு ஓரடி குறைந்தாலே கிடுகிடு சரிவு, ஓரடி கூடினால் கிடுகிடு உயர்வு. முழு மட்டம் 120 அடி; வரத்தைவிடத் திறப்பு அதிகமானால் மட்டம் இறங்கும். இதில் நடுங்க என்ன இருக்கிறது? 'நீர்மட்டம் இறங்கியது' என்று ஏன் எழுதக் கூடாது? இதே கையால்தான் 8 விழுக்காட்டு வளர்ச்சி 6 ஆனதையும் 'பொருளாதாரம் சரிவு' என்கிறார்கள். பொருளாதாரம் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. குறைந்தது வளர்ச்சியின் வேகம்.

இன்னொன்று: படுவீழ்ச்சி பெயர்ச்சொல்லாக வரும் இடத்துக்கு மட்டும். வினை வேண்டிய இடத்தில் 'படுவீழ்ச்சியைச் சந்தித்துள்ளது' என்று இழுக்க வேண்டாம். 'ஒரே நாளில் விலை விழுந்தது' போதும். தலைப்பில் இடமும் மிச்சம்.