கராஜில் ஃபர்னஸ்: கவனிக்க வேண்டியது சுடரை மட்டுமல்ல

வீட்டோடு ஒட்டிய கராஜில், எரிபொருளை எரித்து வீட்டுக்குச் சூடான காற்றை அனுப்பும் ஃபர்னஸ் என்ற கருவியை வைத்திருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, தீப்பிடிக்குமா என்பதைத்தான். நியாயமான கேள்வி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டியே பரவும். அதனால்தான் அமெரிக்கக் கட்டட விதிகள், கராஜில் உள்ள கருவியின் பற்றவைக்கும் பகுதி பொதுவாகத் தரையிலிருந்து 18 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும் என்கின்றன. கார் வந்து இடிக்காதபடி தடுப்பும் வேண்டும்.

ஆனால், நான் ஆய்வுக்குச் செல்லும் வீடுகளில் சுடரைவிடக் காற்றுக்குழாயே அதிகக் கவலை தருகிறது. வீட்டுக் காற்றை ஃபர்னஸுக்குத் திருப்பிக் கொண்டுவரும் ரிட்டர்ன் டக்டில், விசிறியின் உறிஞ்சலால் காற்றழுத்தம் குறைந்திருக்கும். கராஜுக்குள் ஓடும் அந்த டக்டில் ஓர் இணைப்பு விலகியிருந்தாலோ, ஃபில்டர் செருகும் இடைவெளிக்கு மூடி இல்லாமல் இருந்தாலோ, கார்ப் புகையும், பெட்ரோல் கேனிலிருந்து கசியும் பென்சீனும், பெயின்ட் ஆவியும் இழுக்கப்பட்டு, வெதுவெதுப்பான காற்றோடு படுக்கையறை வரை சென்றுவிடும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் முதல் சில நிமிடங்களில் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி இன்னும் சூடாகியிருக்காது என்பதால், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு மிகுதியாக வெளிவரும். கராஜ் கதவைத் திறந்து வைத்துவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு.

ஒரு வீட்டில் காலைதோறும் தலைவலி என்று புதிய ஃபர்னஸ் வாங்கவே முடிவு செய்திருந்தார்கள். பழைய கருவியில் குறையே இல்லை. ஃபில்டர் இடைவெளிதான் திறந்து கிடந்தது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஏன் ஒலிக்கவில்லை என்று கேட்டார்கள். அமெரிக்கத் தரத்தின்படி அக்கருவி, 70 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 70 பங்கு) அளவு குறைந்தது ஒரு மணி நேரம் நீடித்த பின்பே ஒலிக்கத் தொடங்கும். அதற்குக் கீழான அளவை நாள்தோறும் சுவாசிப்பவர்களுக்கு அதனால் பயனில்லை. இருந்தாலும் படுக்கையறைகளுக்கு அருகே அது கட்டாயம் இருக்க வேண்டும்.

இணைப்புகளை மாஸ்டிக் பசையால் அடைக்க வேண்டும். டக்ட் டேப் எனப்படும் துணி நாடா, பெயருக்கு மாறாக, டக்டின் வெப்பத்தில் காய்ந்து உரிந்துவிடும். கராஜிலிருந்து வீட்டுக்குள் செல்லும் கதவு தானாக மூடிக்கொள்வதாகவும், ஓரங்களில் இடைவெளி இல்லாததாகவும் இருப்பது நல்லது. புதிதாக வாங்குபவர்கள், எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே எடுத்துக்கொள்ளும் மூடிய வகையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கசியும் டக்டை அது சரிசெய்யாது.

விசிறி ஓடும்போது மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை ஃபில்டர் மூடியின் விளிம்பில் பிடித்துப் பாருங்கள். காகிதம் உள்நோக்கி ஒட்டிக்கொண்டால், உங்கள் வீடு கராஜிலிருந்து காற்றை எடுத்துக்கொண்டிருக்கிறது.